வீடு வாங்கும் முன்: நாமே பார்ப்பதா, பொறியாளரை அழைப்பதா?

வீடு பிடித்துவிட்டது, முன்பணம் கொடுப்பதுதான் பாக்கி. சரி, குறைகளை யார் பார்ப்பது?

செலவு
நாமே: அரை நாள் போகும், அவ்வளவுதான்.
பொறியாளர்: கட்டணம் உண்டு. வீட்டு விலைக்கு முன்னால் அது சின்னத் தொகை.

விரிசல்
நாமே: பூச்சில் தெரியும் மெல்லிய கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் உஷார். பக்கத்துக் கதவும் சட்டத்தில் இடித்தால் இன்னும் சந்தேகப்படலாம்.
பொறியாளர்: அஸ்திவாரம் இறங்கியதா, உள்ளே கம்பி துருப்பிடித்ததா, வெறும் பூச்சுக் கோளாறா என்று காரணத்தைத் தேடுவார்.

ஈரம்
நாமே: மழை பெய்த மறுநாள் போங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள் (ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தாலும்தான்). சுவரடியில் உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள்.
பொறியாளர்: கருவி வைத்து அளப்பார்.

பேரம்
நாமே: வாய்ப்பேச்சுதான்.
பொறியாளர்: எழுத்தில் அறிக்கை தருவார், விலையைக் குறைக்கச் சொல்ல அது கைகொடுக்கும்.

பல வீடுகளைக் கழித்துக் கட்ட நம் கண்ணே போதும். ஒன்றை முடிவு செய்தபிறகு, அதுவும் பழைய வீடென்றால், பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம்.