ஐ, மீ, மை, மைன்: ஒரு பிரதிப்பெயர் அட்டையோடு சில வருடங்கள்

கொழும்புக் கோட்டையில் சரக்கு அனுப்பும் கந்தோர் ஒன்றில் வேலை. நாள் முழுக்க இங்கிலிஷ் மெயில்தான். மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகங்களோடு வாங்கிய பிரதிப்பெயர் அட்டை ஒன்று என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே சில வருடங்களாகக் கிடக்கிறது. ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப் என்று ஐந்து நிரல். யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே எல்லாவற்றுக்கும் அதே மாதிரி. இங்கிலிஷ் பழகுகிறவர்கள் இப்படி ஒன்றை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் முழுக்க அதை நம்பிவிட வேண்டாம்.

முதல் மூன்று நிரல்களும் நமக்குப் பெரிய கஷ்டமில்லை. நான், என்னை, என் என்று வேற்றுமையோடு வளர்ந்தவர்கள்தானே. இடறுவது ஷீ வரிசையில். அவளை என்பதற்கும் அவளுடைய என்பதற்கும் ஒரே ஹர்தான். ஹீ என்றால் ஹிம், ஹிஸ் என்று பிரியும். இந்த இடத்தில் அட்டையை ஒருதரம் பார்த்தாலே போதும்.

ஐந்தாவது நிரல்தான் வில்லங்கம். 'ப்ளீஸ் கொன்டக்ட் மைசெல்ஃப்' என்று எத்தனை மெயில் வருகிறது! பணிவாக இருக்கும் என்று நினைக்கிறார்கள் போல. மீ என்றாலே சரி. செய்கிறவரும் செயலுக்கு ஆளாகிறவரும் ஒருவரேயானால்தான் இந்த இடத்தில் மைசெல்ஃப் வரும்: 'ஐ கட் மைசெல்ஃப்'. அட்டை இதைச் சொல்வதில்லை.

அட்டையில் இல்லாத பெரிய விஷயம் வேறு. 'நிமால் டோல்ட் ரவி தட் ஹிஸ் லொறி வோஸ் லேட்' என்று ஒரு மெயில் வந்தால், துறைமுகத்துக்குப் பிந்தி வந்தது யாருடைய லொறி? தமிழில் 'தன் லொறி' என்றால் நிமாலுடையது, சந்தேகமே இல்லை. ஹிஸ் இரண்டு பேருக்கும் பொருந்தும். டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், யார் தலையில் விழும் என்பதே அந்த ஒரு சொல்லில் தொங்கும். அதனால் நாங்கள் இப்போது 'ரவிஸ் லொறி' என்று பெயரையே திரும்ப எழுதுகிறோம். வாசிக்க அழகில்லைதான், ஆனால் பிறகு டெலிபோனில் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

அப்புறம் தே. அட்டையில் 'பலர்' என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கும் அது வரும்: 'இஃப் எ கஸ்டமர் கோல்ஸ், டெல் தெம் டு வெயிட்'. இது புது நாகரிகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இங்கிலிஷில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற வழக்கு. அந்த வரிசைக்குப் பக்கத்தில் பேனையால் 'ஒருவர்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.