கேரளப் பத்திரத்தில் ‘நிலம்’ என்று இருந்தால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

கோயம்புத்தூரில் வேலை, பாலக்காட்டுப் பக்கம் மரம் மட்டையோடு அமைதியாக ஒரு வீடு, காலையில் ரயிலைப் பிடித்தால் ஆபீஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாளையார், கஞ்சிக்கோடு சுற்றுவட்டாரத்தில் மனை தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். 16.5 லட்சம் கொடுத்து 6 சென்ட் வாங்கி, இன்றுவரை அதில் ஒரு செங்கல் வைக்க முடியவில்லை. எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக முழுவதையும் எழுதுகிறேன்.

வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பீளமேட்டில் பம்பு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. குனியமுத்தூரில் வாடகை வீடு. அவர் தினமும் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வாளையார் தாண்டிப் போய் வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு கலங்கும். அதனால், நாம் அங்கே போய்விடலாம், நான் ரயிலில் வந்து போகிறேன் என்று நான்தான் முதலில் சொன்னேன். கஞ்சிக்கோட்டில் ஏறினால் வாளையார், எட்டிமடை, மதுக்கரை, போத்தனூர், அப்புறம் கோவை. ‘அரை மணி நேரம்தானுங்க’ என்று புரோக்கர் சொன்னது உண்மை இல்லை. பாசஞ்சரில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் இரவில் காட்டுக்குள் ரயிலை மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். அதுகூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

இடம் அவ்வளவு நன்றாக இருந்தது. தார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் தேக்கு, பலா, நடுவில் ஓடு வேய்ந்த நாலைந்து வீடுகள். பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் மலை. நாங்கள் போனது 2022 பிப்ரவரியில். கணவாய்க் காற்று அடித்துத் தரையெல்லாம் காய்ந்து சருகு பறந்துகொண்டிருந்தது. மயில் கத்துவதைத் தவிர வேறு சத்தம் இல்லை. என் மகள் அங்கேயே இருந்துவிடலாம் என்றாள்.

புரோக்கர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர். நம் ஆள், நம் பாஷை, அதனாலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. தோப்பைப் பதினைந்துக்கும் மேல் துண்டுகளாகப் பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு வீடுகளில் ஆட்கள் குடி வந்திருந்தார்கள், ஒரு வீட்டுக்காரம்மா எங்களுக்கு மோர்கூடக் கொடுத்தார். வீடு கட்டிக் குடியும் இருக்கிறார்களே, இதற்குமேல் என்ன பார்க்க வேண்டும் என்று நினைத்தோம். முன்வரிசைக்கும் நாங்கள் பார்த்த மூன்றாம் வரிசைக்கும் காகிதத்தில் வித்தியாசம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இனிமேல் சொல்வதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். கேரளத்தில் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். அது மலையாளத்தில் இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் மலையாளம் பேசினால் புரியும், படிக்க வராது. புரோக்கர்தான் பழைய ஆதாரத்தை வாசித்து வாசித்துச் சொன்னார். சர்வே எண், நாலு எல்லை, ‘ஆர்’ என்ற அளவில் பரப்பு எல்லாம் சொல்லிவிட்டு ‘நிலம்’ என்று ஒரு வார்த்தை வந்தது. நான் கேட்டேன், அது என்ன தனியாக நிலம் என்று போட்டிருக்கிறது என்று. ‘அக்கா, இது நிலந்தானுங்க, வேற என்னங்க?’ என்றார். தமிழில் நிலம் என்றால் நிலம். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டக்கூடிய மனைக்கு அவர்கள் எழுதும் வார்த்தை புரயிடம். மேலே தென்னை நிற்கலாம், மண் கொட்டி மேடாக்கியிருக்கலாம், கண்ணுக்குத் தோப்பாகவே தெரியலாம், அடிப்படை வரிப் பதிவேட்டில் நிலம் என்று இருந்தால் அது வயல்தான். அதில் வீடு கட்டப் பஞ்சாயத்து பொதுவாக அனுமதி கொடுக்காது. ஆனால் விற்பதற்கும் வாங்குவதற்கும் தடை இல்லை, அதனால் பதிவு அலுவலகத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் பதிவு நடந்துவிடும். எங்களுக்கும் அப்படியே நடந்தது. பதிவான அன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

இன்னொரு தப்பும் செய்தோம், அது எங்கள் தப்பு. முத்திரைக் கட்டணம் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழுத் தொகையைக் காட்டினால் 1.65 லட்சம் போய்விடும், 6 லட்சம் மட்டும் காட்டுங்கள், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார் புரோக்கர். ஒரு லட்சத்துச் சில்லறை மிச்சமாகிறதே என்று தலையாட்டினோம். மீதி 10.5 லட்சத்தில் 2 லட்சம்தான் வங்கி வழியாகப் போனது, மற்றதெல்லாம் கையில் கொடுத்தது. இன்று பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஆதாரத்தில் இருப்பது 6 லட்சம்தானே என்கிறார்கள். என் நகைகளை அடகு வைத்த பணம் அதில் இருக்கிறது.

விஷயம் வெளியே வந்தது வீட்டுக் கடனுக்குப் போனபோது. வங்கிக்கு ஆவணம் பார்க்கும் வக்கீலம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்து, ‘இது நிலமாணல்லோ, புரயிடம் அல்ல’ என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே பொறுமையாகத் தமிழில் விளக்கினார். அப்புறம் கிருஷி பவனில், அதாவது அங்குள்ள வேளாண் அலுவலகத்தில் போய் டேட்டா பேங்கில் எங்கள் சர்வே எண் இருக்கிறதா பாருங்கள் என்றார். இருந்தது.

டேட்டா பேங்க் என்பது 2008 நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் வயல்களைப் பட்டியல் போட்டு வைத்திருப்பது. 2008 ஆகஸ்ட் 12, அந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாள். அன்றைக்கு வயலாக இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. தவறுதலாகப் பட்டியலில் சேர்ந்திருந்தால் படிவம் 5 கொடுத்து நீக்கக் கேட்கலாம். நீக்கிய பிறகு நிலத்தின் தன்மையை மாற்ற 50 சென்ட் வரைக்கும் படிவம் 6. இரண்டையும் வருவாய்க் கோட்ட அலுவலரான ஆர்.டி.ஓ. அல்லது அந்த அதிகாரம் உள்ள டெபுடி கலெக்டர்தான் முடிவு செய்வார். புரோக்கர் இதைக் கேட்டதும் பதறவே இல்லை. ‘படிவம் அஞ்சு குடுத்தாச் சரியாப் போயிருமுங்க அக்கா, நம்ம ஆளு இருக்காரு’ என்று 40 ஆயிரம் கேட்டார். அதையும் கொடுத்தோம். அப்படியென்றால் அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்த நேரத்தில் எங்களுக்கு உறைக்கவில்லை.

பதினோரு மாதம் காத்திருந்தோம். வேளாண் அலுவலர் வந்து பார்த்தார். திருவனந்தபுரத்தில் உள்ள தொலையுணர்வு மையத்திலிருந்து செயற்கைக்கோள் படத்தோடு அறிக்கை வாங்கினார்கள். 2008 படத்தில் எங்கள் இடம் சுத்தமான வயல். தென்னை எல்லாம் பிறகு வைத்தது. விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். முன்வரிசை இரண்டு வீடு மட்டும் ஆரம்பத்திலிருந்தே புரயிடம், அதைக் காட்டித்தான் பின்னால் இருப்பதை எல்லாம் விற்றிருக்கிறார்கள்.

எனக்குச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை. பதிவு முடிந்து ஜூன் மாதம் மழை பிடித்ததும் போய்ப் பார்த்தேன், எங்கள் மனையில் கணுக்கால் தண்ணீர். நாலு பக்கத்துத் தண்ணீரும் அங்கே வந்து நிற்கிறது, தவளைச் சத்தம் காதைப் பிளக்கிறது. அது வயலாகவே இருந்திருக்க வேண்டிய இடம். அதில் கல் நட்டு, நெல் விளைந்த பூமி என்பதை மறைத்து, மாதச் சம்பளக்காரர்களிடம் விற்றவர்கள் மேல்தான் கோபம்.

இப்போது யாராவது மனை பார்க்கப் போனால் புரோக்கர் கொடுக்கும் நகலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு நீங்களே வில்லேஜ் ஆபீஸ் போய் அடிப்படை வரிப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். நிலம் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். புரயிடம் என்று சொன்னாலும் கிருஷி பவனில் டேட்டா பேங்கைப் பார்த்துவிடுங்கள், அரை நாள் வேலைதான். மலையாளம் படிக்கத் தெரிந்த, இந்த வியாபாரத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் ஆதாரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள், பாலக்காட்டில் தமிழ் தெரிந்த வக்கீல்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் வேண்டாம் என்று இருப்பவர்கள்கூட ஒரு வங்கியில் ஆவணத்தைக் கொடுத்துப் பாருங்கள், எங்களுக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்த வங்கி வக்கீல்தான். நாங்கள் பதிவுக்குப் பிறகு போனோம், முன்பணத்துக்கு முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

அப்புறம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். மொத்த இடம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்து மனை பிரித்து விற்றால் கேரள ரெராவில் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்றால் 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பதிவான திட்டங்கள் எல்லாம் ரெரா இணையதளத்தில் இருக்கும். எங்கள் தோப்பு அதில் இல்லை. உரிமையாளர் கொடுத்த முக்தியாரை, நாம் பவர் என்று சொல்வோமே அதை, வைத்துக்கொண்டு தனித்தனி ஆளுக்குத் தனித்தனி ஆதாரமாக எழுதி, இது லேஅவுட்டே இல்லை என்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்காமல் எந்த இடத்தையும் முடிவு செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நாங்கள் இப்போதும் குனியமுத்தூர் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அவர் இன்னும் பைக்கில்தான் போகிறார். அதே தோப்பில் வாங்கிய மூன்று குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறோம், சேர்ந்து பாலக்காட்டில் ஒரு வக்கீலைப் பார்த்து, போலீஸ் புகாரும் ரெரா புகாரும் தயாராகிறது. கல் கணக்குப் பார்த்தால் இன்னும் பத்துப் பேராவது வாங்கியிருக்க வேண்டும், அதில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது என்று நினைக்கிறேன். இந்த மாதம் புரோக்கர் எல்லோரிடமும் வேலி போட ஆளுக்கு 25 ஆயிரம் கேட்டு வருகிறார். பின்வரிசையில் வாங்கியவர் யாராவது இதைப் படித்தால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் ஆதாரத்தையும், பணம் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் அதையும் எடுத்துக்கொண்டு எங்களோடு சேருங்கள்.