78,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கியர் பாக்ஸைத் தொடவே இல்லை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் மெக்கானிக்கிடம் போங்கள். நேற்று மதியம்தான் எனக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. 78,000 ரூபாய் போயிருக்கிறது. வண்டியில் இருந்தது வெறும் 2,600 ரூபாய்க் கோளாறு.

வண்டி டபுள் கேபின் டீசல் பிக்கப், நன்றாகவே பழசு. கம்பெனி பேர் வேண்டாம், வண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு விபத்துக்குப் பிறகு இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனது. அதனால்தான் தேடிப்பிடித்து ஆட்டோமேட்டிக் வாங்கினேன். குடியாத்தத்திலிருந்து மாட்டுத் தீவனம் ஏற்றி அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் பால் மாடு வைத்திருப்பவர்களுக்குப் போடுவது என் தொழில். வண்டி நின்றால் அடுப்பு நிற்கும்.

கத்திரி வெயிலில்தான் ஆரம்பித்தது. பள்ளிகொண்டா தாண்டி பைபாஸில் போகும்போது ஸ்பீடாமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழும். அதே நொடியில் கியர் மூன்றில் பூட்டிக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே இஞ்சின் அலறும், நின்று கிளம்பும்போது மூன்றாம் கியரிலேயே முக்கி முக்கி நகரும். ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். வண்டி சூடேறினால் மறுபடி அதே கதை.

விசாரித்ததில் ஒரு ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார்கள். ஆட்டோமேட்டிக் கியருக்கென்றே இருப்பதாகப் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டிய இடம். எந்த ரோடு என்றுகூடச் சொல்லப் போவதில்லை. உள்ளே ஒரு மேஜையில் கியர் பாக்ஸைப் பிரித்து, அதற்குள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளைத் துணி மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். தரையில் சொட்டு ஆயில் இல்லை. நான் காலை இழுத்து இழுத்து நடந்து வருவதைப் பார்த்ததும் ஓனர் எழுந்துவிட்டார். "டேய், அண்ணனுக்கு சேர் போடுறா" என்றார். டீ வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தவர், கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாருங்கண்ணா, தீஞ்ச வாடை வருதா? உள்ள பிளேட்டெல்லாம் எரிஞ்சி போச்சி."

எனக்கு வந்தது ஆயில் வாடைதான். முள் விழுவதை எடுத்துச் சொன்னேன். "அது மீட்டர் கேபிளுண்ணா, வேற விஷயம். அத்த நான் ஃப்ரீயாவே பண்ணித் தரேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் என்ற ஒன்றை அங்கே யாரும் கையில் எடுக்கவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் என்னை மொத்தமாகச் சாய்த்தார். நான் முழுத் தொகையையும் போட்டுவிடவா என்று கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். "முழுசா இன்னாத்துக்குண்ணா? பாதி குடுங்க. மீதிய வண்டி ஓட்டிப் பார்த்துட்டு குடுங்க. உங்க காலுக்கு இந்த வண்டி இல்லன்னா பொழப்பே நின்னுடும், எனக்குத் தெரியாதா?" கொடுக்க வந்த பணத்தை வேண்டாம் என்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? 40,000 யுபிஐயில் அனுப்பினேன், அவர் பேருக்கு இல்லை, "மச்சான் நம்பரு" என்று காட்டிய எண்ணுக்கு. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தாண்ணா 18 பர்சென்ட் ஏறும்" என்று அதிலும் என் மேல்தான் அக்கறை. நோட்டுத் தாளில் 'கியர் பாக்ஸ் ஃபுல் ஒர்க்' என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார்.

வண்டியை எடுக்கப் போனபோது விடியற்காலையில் வரச் சொன்னார்கள். குளிர்ந்த வண்டி, காலி ரோடு, வெண்ணெய் மாதிரி ஓடியது. மீதி 38,000 கொடுத்தேன். ஆக 78,000. கழட்டிய சாமான் என்று ஒரு சாக்கில் கருகிப்போன பிளேட்டுகளையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாரமே ஆம்பூர் கிட்டே, உச்சி வெயிலில், முள் விழுந்தது. கியர் மூன்றில் நின்றது.

போன் செய்தேன். புது ஆயில் செட்டாக வேண்டும், 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள் என்றார்கள். ஓட்டினேன். அப்புறம் மாஸ்டர் திருப்பதி போயிருக்கிறார் என்றார்கள். அந்த மாஸ்டர் அதற்கப்புறம் திருப்பதியிலிருந்து திரும்பவே இல்லை போல, எப்போது கேட்டாலும் அங்கேதான் இருந்தார். நேரில் போனால் ஓனர் வெளியே போயிருக்கிறார், அவர் பைக் மட்டும் வாசலில் நிற்கிறது. கடைசியாக ஆள் கிடைத்தபோது, "கியர் பாக்ஸுக்குத்தாண்ணா வாரண்டி. இது கம்ப்யூட்டரு போயிருக்கு, அதுக்குத் தனியா 35,000 ஆவும்" என்றார். 78,000 வாங்கிய வாய் கூசாமல் அடுத்த 35,000-ஐக் கேட்கிறது.

ராணிப்பேட்டையில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பெரியவரிடம் தீவனக் கடைக்காரர் அனுப்பி வைத்தார். நேற்று போனேன். நான் முள் விழுவதைச் சொன்னதுமே, "இந்த வண்டியில மீட்டருக்குக் கேபிளே கிடையாதே தம்பி" என்றார். ஸ்கேனரை மாட்டினார். பி0720 என்ற கோளாறு எண் வந்தது. கியர் பாக்ஸின் பின்பக்கம் இருக்கும் வேக சென்சாரின் கோளாறு அது. அந்த ஒரே சென்சார்தான் இந்த வண்டியில் மீட்டருக்கும் கியர் மாற்றும் கம்ப்யூட்டருக்கும் கணக்குச் சொல்கிறது. கணக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துகொண்டு ஒரே கியரில் பூட்டிவிடும், மேற்கொண்டு சேதம் ஆகக்கூடாது என்பதற்காக. சாவியை அணைத்துப் போட்டால் மறந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். வயர் சைலன்சர் குழாய் பக்கம் உரசி, மேல் தோல் உருகியிருந்தது. சென்சார், வயர், கூலி எல்லாம் சேர்த்து 2,600.

அவர் கீழே படுத்திருந்தபடியே என் போனைக் கேட்டு வாங்கினார். என்னால் குனிய முடியாது என்பதால் வீடியோ எடுத்துக் காட்டினார். கியர் பாக்ஸை இறக்க வேண்டுமென்றால் முதலில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் கழட்ட வேண்டும். அந்த போல்ட்டுகளின் மேல் வருஷக்கணக்கான சேறு காய்ந்து கிடக்கிறது. கியர் பாக்ஸுக்கு அடியில் ஆயில் நிற்கும் அடித்தட்டின் போல்ட்டுகளில் கம்பெனியில் போட்ட மஞ்சள் பெயிண்ட் கோடு கலையாமல் அப்படியே நேராக இருக்கிறது. ஒரு போல்ட்டில்கூட ஸ்பேனர் படவில்லை. ஆயில் மட்டும் புதுசு, சிவப்பாக இருந்தது. சாக்கில் இருந்த பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஏதோ சின்ன காரோடது தம்பி" என்று தூரப் போட்டார். நான் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன், சாட்சிக்கு.

அங்கிருந்தே ஓனருக்குப் போன் போட்டேன். "எவனோ ஒருத்தன் சொன்னான்னு பேசாதய்யா, எங்க வேணா போய்க்கோ" என்றார். அண்ணா எல்லாம் காணாமல் போய்விட்டது. அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

சரி, போகிறேன். இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். யுபிஐ விவரம், நோட்டுத் தாள், வீடியோ, பிளேட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கடைப் பேரைக் கேட்காதீர்கள், மனு முடியும் வரை சொல்ல மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் கோளாறை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் வேறெல்லாம் எழுதிவிட்டேன். அவசரத்துக்கு இவ்வளவு: ஸ்கேனர் போடாமல் கியர் பாக்ஸ் போச்சு என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் சுற்று ஏறியும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் பிளேட் வழுக்குகிறது, அது பெரிய வேலைதான். வழுக்காமல் ஒரே கியரில் மாட்டிக்கொண்டால் முதலில் வயர், சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது, ஓட்டாதீர்கள். கயிறு கட்டி இழுத்துப் போகாதீர்கள், மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைக் கூப்பிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் அடித்தட்டு போல்ட்டுகளில் உங்கள் கையால் பெயிண்ட் பொட்டு வைத்து போட்டோ எடுங்கள். கடைப் பேர் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.