ஹடீடா பறவை கத்தினால் நான் காப்பியடித்தேனாம்: மின்வணிகப் பட்டயம், இரண்டு வருட அனுபவம்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான்: "அக்கா, நீங்க படிச்ச மின்வணிக முதுநிலைப் பட்டயத்துக்கு ஃபீஸ் குறைச்சிருக்காங்களே, சேரலாமா?" வாய்ஸ் நோட்டில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே குரல் ஏறிவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. ஆன்லைன், பகுதிநேரம், இந்நாட்டுப் படிப்புகளைத் தரம் பிரிக்கும் என்.கியூ.எஃப் வரிசையில் எட்டாம் நிலை. வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் இங்குள்ள சாக்வா அமைப்பிடம் என் நெல்லை பி.காமுக்கு மதிப்பீடு வாங்கிய பாடு தனிக்கதை.

பாடத்தில் குறையே சொல்ல மாட்டேன். சாட்ஸ்வொர்த்தில் மாமியாரின் பூஜை சாமான் கடைக்கு நான்தான் வெப்சைட் போட்டேன். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு அம்மா குத்துவிளக்கு வாங்கி, பூஜையை முடித்து, பன்னிரண்டாம் நாள் எண்ணெய்ப் பிசுக்கோடு திருப்பி அனுப்பி முழுப் பணமும் கேட்டார். ஏழு நாள் தாண்டியாச்சே என்று மல்லுக்கு நின்றேன். அடுத்த வாரமே வகுப்பில் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம். 44-ஆம் பிரிவின்படி பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் வாங்கியவருடையது. சாப்பாட்டுச் சாமான் போலச் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. குத்துவிளக்கு அதில் இல்லை. அதோடு விட்டதா? 43-ஆம் பிரிவு கேட்கும் விவரங்களை, அதாவது கடை முகவரி, முழு விலை, திருப்பியெடுக்கும் விதி போன்றவற்றை, தளத்தில் போடாவிட்டால் 14 நாள் வரை ரத்து செய்யலாமாம். எங்கள் தளத்தில் இருந்ததோ முருகன் படமும் ஒரு செல் நம்பரும்தான். பேசாமல் பணத்தைக் கொடுத்தேன். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தது மாமியார். கட்டிய ஃபீஸுக்கு அந்த ஒரு பாடமே போதும்.

ஆனால் தேர்வில் காப்பியடிக்கிறோமா என்று காவல் காக்கும் அந்த ஆப்!

வீட்டிலிருந்தே தேர்வு. எழுதி முடிக்கும்வரை மைக் திறந்தே இருக்க வேண்டும். எங்கள் கொல்லை மரத்தில் இரண்டு ஹடீடா. நம்மூர் அரிவாள்மூக்கன் சாதிதான், தொண்டை மட்டும் வேறு. கத்தினால் பக்கத்து வீட்டில் யாரோ சொத்துத் தகராறு பண்ணுகிற மாதிரி இருக்கும். முதல் தேர்வு முடிந்த வாரம் கடிதம் வந்தது: "பிறர் பேச்சுக்குரல் பதிவாகியுள்ளது, விளக்கம் தரவும்." மார்க் நிறுத்திவைப்பு. பறவையின் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துத்தான் மார்க்கை விடுவித்தார்கள். அடுத்த தேர்விலும் அதே பறவை, அதே கடிதம், அதே ஆறு வாரம்.

மூன்றாவதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கேள்வியே தனிநபர் விவரங்களைக் காக்கும் போபியா சட்டத்தின் 10-ஆம் பிரிவு: தேவைக்கு மேல் தனிநபர் விவரம் திரட்டக்கூடாது என்பதை விளக்கு. நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன், ஆப் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலையும் மாமியாரின் மூட்டுவலிப் புலம்பலையும் பதிவு செய்துகொண்டிருக்கிறது. அதையே உதாரணமாக எழுதி வைத்தேன். முழு மார்க் போட்டார்கள். கூடவே கடிதமும் வந்தது.

நியாயமாகப் பார்த்தால் ஆசிரியர்கள் தங்கமானவர்கள். ராத்திரி கேட்டால் காலையில் பதில் வரும். தளத்தைத் திருத்திய பிறகு விளக்கு திரும்பி வருவதும் குறைந்துவிட்டது.

ஆனாலும் தம்பி, சேராதே. ஃபீஸைப் பாதியாகக் குறைத்தாலும் சேராதே. நோட்ஸ் எல்லாம் கடையில் சாம்பிராணிப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்து எடுத்துக்கொள்.