ஆறு வருடம், இரண்டு டம்ப்ளர், ஒரு பேணிச் சில்லறை

குசினியை நீட்டிக் கட்ட 2018இல் அத்திவாரம் வெட்டினோம். மண்வெட்டி ‘டங்’ என்று ஒரு பால்மாப் பேணியில் பட்டது. 1995 ஒக்டோபரில் சண்டையால் யாழ்ப்பாணத்தில் ஊரே வெளிக்கிட்டபோது அம்மம்மா புதைத்துவிட்டுப் போன சில்லறை. பேணி பாதி துருவாகி மண்ணோடு மண்ணாய்ப் போயிருந்தது. உள்ளே மூன்று கிலோவுக்குக் கிட்டக் குத்திக்காசு, ஒன்றோடொன்று ஒட்டிச் செம்மண் கட்டிகளாய்க் கிடந்தது.

பழைய பல்துலக்கும் பிரஷால் ஒரு கிழமை தேய்த்துப் பார்த்தேன். நூறு காசு முடிவதற்குள் விரல் நகமெல்லாம் சிவந்துவிட்டது. தேசிக்காய், பழப்புளி எல்லாம் போட்டால் மண் போகும், ஆனால் காசு பித்தளை விளக்கு விளக்கிய மாதிரிப் பளபளவென்று மினுங்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் கல் மெருகிடும் டம்ப்ளர் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒரு சின்ன ட்ரம், அதை மெதுவாக உருட்டும் இரண்டு தண்டு, ஒரு மோட்டார். ட்ரம்முக்குள் காசும் பொடிக்கல்லும் தண்ணீரும். கல் காசில் உரசி உரசி மண்ணை எடுத்துவிடும். அவ்வளவுதான்.

2019 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சான் ரொறன்ரோவிலிருந்து ஒன்று கொண்டு வந்தான். பெட்டியைப் பார்த்த அம்மா, “ஏன்ரா, ஒரு டம்ளர் வாங்கக் கனடாவுக்கே சொல்லி விட்டனி?” என்றார். இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கனடா டம்ளர்’தான்.

அந்த மெஷினின் கொம்பனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதைவிட, அது எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது என்பதுதான் எனக்கு வினையாகியது. அது 120 வோல்ட், இங்கே 230. சரி, ட்ரான்ஸ்போமர் போட்டால் போச்சு என்று நினைத்தேன். வோல்ட்டைக் குறைக்க ட்ரான்ஸ்போமரால் முடியும், ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் ஒரு வினாடியில் எத்தனை தடவை மாறி மாறி வருகிறது என்பதை, மாற்ற முடியாது. கனடாவில் 60, இங்கே 50. இந்த வகைச் சின்ன மோட்டாரின் வேகம் ஹேர்ட்ஸைப் பொறுத்தது. ஆறு சுற்றுச் சுற்ற வேண்டியது ஐந்துதான் சுற்றும், அதோடு சூடும் கூடும். ஒரு மணித்தியாலத்தில் மோட்டார் மூடியில் கை வைக்க முடியாது. ட்ரான்ஸ்போமர் வேறு பக்கத்தில் இருந்து வண்டு மாதிரி முரலும். மூன்றாம் மாதம் பெல்ட் அறுந்தது. அந்த அளவு பெல்ட் யாழ்ப்பாணம் டவுனில் எங்கும் கிடைக்கவில்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரம் வன்பிளாஸ்டிக். உள்ளே கல்லும் காசும் உருள, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். பின் விறாந்தையில் வைத்து ஓட்டினேன். வேலிக்கு அங்கால் இருந்து, “தம்பி, உங்கட வீட்டில என்ன மா இடிக்கிறியளோ?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். இரவில் ஓட்டுவதை அன்றோடு விட்டேன்.

2020 ஊரடங்கில் வேறு வேலை இல்லை. பிவிசி குழாய்த் துண்டுக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டு, பழைய தையல் மெஷின் மோட்டாரில் பூட்டி நானே ஒன்று செய்தேன். நன்றாகத்தான் சுற்றியது, அளவுக்கு மிஞ்சி நன்றாக. காசெல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு ட்ரம்மோடு சேர்ந்தே சுற்றின, ஒன்றும் உரசவில்லை. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள ட்ரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 சுற்றைத் தாண்டினால் உள்ளே இருப்பது கீழே விழாது. அதில் பாதி வேகமே காசுக்குத் தாராளம். டம்ப்ளரில் கூடிய வேகத்தைப் பெருமையாக எழுதியிருந்தால் அதில் மயங்க வேண்டாம்.

இப்போது இருப்பது 2021இல் லண்டனிலிருந்து பார்சலில் வந்தது. மூன்று இறாத்தல் ட்ரம், 230 வோல்ட். புதுக் குசினிச் சுவரின் சதுர முள் சொக்கெற்றில் நேரே செருகினேன், ஓடியது. ட்ரம் தடித்த றப்பர். அதுதான் இதன் பெரிய குணம். பக்கத்தில் இருந்து கதைக்கலாம், சத்தம் அவ்வளவுதான். மூன்று இறாத்தல் என்றால் காசு மட்டும் மூன்று இறாத்தல் என்று நினைத்துவிடாதீர்கள். கல், தண்ணீர், காசு எல்லாம் சேர்த்து ஒன்றே கால் கிலோ சொச்சம். ஒரு தடவைக்கு ஐம்பது அறுபது காசுக்கு மேல் நான் போடுவதில்லை. இரட்டை ட்ரம் உள்ளதும் கிடைக்கிறது. கொஞ்சம் காசு கூடினாலும் அதை எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் உலோகம் கலக்கக் கூடாது.

அதைப் பட்டுத்தான் அறிந்தேன். ஆறாம் ஜோர்ஜ் காலத்து வெண்கல ஒரு சதத்தையும், வெள்ளையான இருபத்தைந்து சதத்தையும் ஒன்றாகப் போட்டேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் இருபத்தைந்து சதம் எல்லாம் இளஞ்சிவப்பு! வெண்கலத்திலிருந்த செம்பு வெள்ளைக் காசின் மேல் பூச்சுப் போல ஏறிவிட்டது. இன்னும் போகவில்லை. இப்போது நாலு கும்பம் வைத்திருக்கிறேன்: செம்பும் வெண்கலமும் ஒன்று, மஞ்சள் நிற ஐந்து சதம் பத்துச் சதம் ஒன்று, வெள்ளைக் காசு ஒன்று, அலுமினியம் ஒன்று. 1963இல் வந்த ஒரு சதம், இரண்டு சதமும், 1978 முதல் வந்த ஐந்தும் பத்தும் அலுமினியம். அவை மெத்து. பதினைந்து நிமிடத்துக்கு மேல் விட்டால் எழுத்துத் தேயும். அதற்குள் சலவைச் சோடா போடவே வேண்டாம், வாயு கிளம்பும்.

வாயு என்றதும் இன்னொரு கதை. கல்லுக்குக் காசு செலவழிப்பானேன் என்று கடற்கரை மணலை அரித்து எடுத்து, கொஞ்சம் வினாகிரியும் விட்டு மூடினேன். நம் கரை மணலில் சிப்பியும் பவளத்தூளும் எவ்வளவு என்று யோசிக்கவில்லை. சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? இருபது நிமிடத்தில் மூடி பறந்து, புது வெள்ளையடித்த சுவரில் சிவப்புச் சேறு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துணியையும் வாளியையும் மட்டும் கொண்டு வந்து வைத்தார். அன்று முதல் மீன்தொட்டிக் கல்தான், அதுவும் வினாகிரி ஒரு துளி விட்டு நுரைக்கிறதா என்று பார்த்த பிறகு. புளிப்பு எதுவும் ட்ரம்முக்குள் போவதில்லை.

நான் செய்வது இப்படி. ட்ரம்மில் பாதிக்குச் சற்று மேலே கல்லும் காசும், மூடும் அளவுக்குத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு துளி. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு வேறு விழும். நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணறு அப்படி. அதனால் மழைத் தண்ணீர் ஒரு கானில் பிடித்து வைத்திருக்கிறேன். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். முதல் தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி வரும். அதை ஊற்றிவிட்டு இரண்டாம் தண்ணீர். முடிந்ததும் உடனே கழுவிச் சுளகில் பரப்பிக் காய வைக்க வேண்டும். 2022இல் கரண்ட் நினைத்தபடி போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு கும்பம் இரவு முழுக்க ஈரத்திலேயே கிடந்தது. மஞ்சள் காசெல்லாம் தேயிலைச் சாய நிறம்.

சரியாக வந்தால் பார்க்க ஒரு சுகம் இருக்கிறது. பூ இதழ் மாதிரி வளைந்த விளிம்புள்ள பத்துச் சதம் ஒன்று, 1944. உள்ளே போகும்போது அது ஒரு மண் உருண்டை. வெளியே வந்ததும் ஈரத்தோடு பெருவிரலால் தடவினேன். முதலில் விளிம்பின் வளைவு, பிறகு அரசரின் மூக்கு, கடைசியாக வருடத்தின் இரண்டு நாலும். கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்தது.

ஆனால் பழசு என்று சந்தேகம் வந்தால் போடவே வேண்டாம். அதே அத்திவாரக் கிடங்கில், பேணிக்கு வெளியே, ஒல்லாந்தக் கொம்பனி முத்திரை போட்ட ஒரு செப்புக் காசும் கிடைத்தது. அதன் பச்சைப் படலம்தான் அதற்குக் காப்பு. டம்ப்ளர் அதை உரித்துவிடும். நாவலர் வீதி அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு கையில் கிடைத்தாலும் அதுதான் வழி. மெட்டல் டிடெக்டர் தூக்கிக்கொண்டு, தொல்பொருள் இடமான கந்தரோடைப் பக்கம் போகலாமா என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். நான் கதைப்பது சொந்த வளவுச் சில்லறை பற்றி மட்டும். சேர்ப்பவர்களுக்கு விற்க நினைத்தாலும் உருட்டாதீர்கள், உருட்டிய காசை அவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்கள்.

பராமரிப்பு பெரிதில்லை. தண்டின் முனையைத் தாங்கும் புஷ் வளையத்துக்குள் மாதம் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். அது தண்டிலோ ட்ரம்மிலோ பட்டால் ட்ரம் வழுக்கிக்கொண்டு சும்மா நிற்கும், துடைத்துவிட வேண்டும். மூடி விளிம்பில் ஒரு மணல் துகள் இருந்தாலும் ஒழுகும். லண்டன் மெஷினும் ஒரு பெல்ட் தின்றது, ஆனால் பெட்டியிலேயே இன்னொன்று வைத்து அனுப்பியிருந்தார்கள். அது இப்போது மூன்றாவது வருடமாக ஓடுகிறது. அடுத்ததையும் சொல்லி வாங்கித் தையல் மெஷின் லாச்சிக்குள் போட்டிருக்கிறேன். அம்மம்மாவின் பேணியில் இன்னும் அலுமினியக் கும்பம் மட்டும் மிச்சம்.