திருச்சியில் ஃபீட்டல் எக்கோ எடுத்தேன்: டாக்டருக்கு முழு மார்க், ரிசப்ஷனுக்குப் பாதி

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குச் சர்க்கரை உண்டு. அதனால் எங்கள் மகப்பேறு டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: ஐந்தாம் மாத ஸ்கேனோடு நிறுத்தக் கூடாது, குழந்தையின் இதயத்துக்கென்று தனியாக ஃபீட்டல் எக்கோவும் எடுக்க வேண்டும். இதயம் முதல் இரண்டு, இரண்டரை மாதத்துக்குள் உருவாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் தாய்க்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுமாம். ஏழாம் மாதத்தில் புதிதாக வரும் சர்க்கரைக்கு அவ்வளவு பயம் இல்லை.

தில்லைநகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். காலை 10 மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது 1 மணி. எப்போது கேட்டாலும் "அடுத்து நீங்கதான் மேடம்" என்றே பதில். இன்சுலின் போடுகிறவளை இப்படி உட்கார வைப்பது நியாயமே இல்லை. கையில் இட்லி கொண்டுபோனதால் தப்பித்தேன். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற போர்டும், கையெழுத்து வாங்கும் படிவமும் எல்லா இடத்திலும் உள்ளதுதான்.

உள்ளே போன பிறகு நிலைமையே வேறு. குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. சில இடங்களில் இதற்கே "சரியாகத் தெரியவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இந்த டாக்டர் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தார். அந்த வயதில் இதயம் திராட்சைப் பழ அளவுதான் இருக்கும். அதில் நான்கு அறைகளைக் காட்டினார். அப்புறம் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களையும் பொறுமையாகத் தேடிப் பிடித்தார். அவை இதயத்திலிருந்து கிளம்பும்போது ஒன்றையொன்று குறுக்காகக் கடக்க வேண்டும். இணையாகப் போனால் குழாய்கள் இடம் மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கும் நான்கு அறைகள் ஒழுங்காகவே தெரியக்கூடும் என்பதால், அறைகளை மட்டும் பார்த்து முடிக்கக் கூடாது என்றார். முன்பே தெரிந்தால், இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். பிறந்தவுடன் மருந்தும் தொடங்கிவிடலாம்.

திரையில் சிவப்பும் நீலமும் ஓடியதும் என் மாமியாருக்குப் பதற்றம். "டாக்டரம்மா, அந்த நீலம் கெட்ட ரத்தமா?" என்று கேட்டுவிட்டார். "இல்லம்மா, கருவியைப் பார்த்து வர்ற ரத்தம் சிவப்பு, விலகிப் போறது நீலம், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது, கேட்கத்தான் கூச்சம்.

"எல்லாம் நார்மல்" என்ற பிறகும் எங்களை உட்கார வைத்து, இந்த ஸ்கேனில் எவையெல்லாம் தெரியாது என்று ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னாரே, அதற்காகத்தான் இந்த டாக்டரைப் பரிந்துரைக்கிறேன். வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் மேல் அறைகளுக்கு நடுவே ஒரு திறப்பும், ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துப் போக ஒரு குழாயும் இருக்கும். பிறந்த பிறகு அவை மூடாவிட்டால்தான் பிரச்சினை. அதை இப்போதே சொல்ல முடியாது. மிகச் சிறிய ஓட்டையும் தப்பலாம். அதனால் பிறந்ததும் குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள் என்றார். ரிப்போர்ட்டிலும் இதையெல்லாம் எழுதியிருக்கிறார், ஆங்கிலத்தில். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் விளக்க உதவும்.

2,500 ரூபாய் வாங்கினார்கள். 5க்கு 4 கொடுக்கிறேன். குறைத்த ஒன்று ரிசப்ஷனுக்கு. 18 முதல் 24 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், காலையில் முதல் டோக்கன் கேளுங்கள். துணைக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுகிறார்கள், யார் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். கார் நிறுத்த இடம் கிடையாது.