ரஃபேல் மீன்பிடி நிறுவனம்: பதின்மூன்று தீவுகளின் நிரந்தரக் குத்தகைதாரர்

மொரீசியஸுக்கு வடகிழக்கே சுமார் 430 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் பிராண்டன் பவளத் தீவுக்கூட்டத்துக்குத் தூண்டில்காரர்களை ஈர்ப்பது, முழங்காலளவு தெளிந்த நீரில் நின்று போன்ஃபிஷ் மீனைக் கண்ணால் தேடிப் பிடிக்கும் வாய்ப்புதான். 1927இல் தொடங்கப்பட்ட ரஃபேல் மீன்பிடி நிறுவனத்துக்கு அங்குள்ள 13 தீவுகளின் மீது நிரந்தரக் குத்தகை உரிமை உண்டென்று, மொரீசியஸின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2008இல் தீர்ப்பளித்தது. குத்தகைப் பத்திரத்தில் ‘நிரந்தரம்’ என்ற சொல்லைக் காண்பதே அபூர்வம்! விரைவில் காலாவதியாகும் உரிமையாக இருந்திருந்தால் மீன்வளத்தை அவசரமாக வழித்தெடுக்கும் ஆசை எழுந்திருக்கும் என்பதால், இவ்வுறுதியை இந்நிறுவனத்தின் பெரும் பலமாகவே கருதுகிறேன். தீவுகளில் விமான ஓடுதளம் கிடையாது; கடல்வழியேதான் செல்ல வேண்டும். நீண்ட கடற்பயணம் ஒவ்வாதவர்களுக்கு இத்தீவுகளைப் பரிந்துரைக்க மாட்டேன்.